அரிவாள்மணையும் அதிவேக ரயிலும்

ரயில்வே பார்சல் ஆபீஸில் தராசுக்குப் பக்கத்து நாற்காலியில் 32 வருஷம் உட்கார்ந்து எழுந்தவனுக்கு, ஒரு பெட்டியைக் கண்டால் அதன் சொந்தக்காரர் முகம் கண்ணில் படுவதற்கு முன்னால் அதன் எடைதான் படும். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கும்போது தோள் எவ்வளவு சாய்கிறது, சக்கரம் தரையில் எந்தச் சுருதியில் உருள்கிறது என்பவற்றைக் கொண்டே ‘இது முப்பத்தெட்டு கிலோ, இது நாற்பத்திரண்டு’ என்று மனத்துக்குள் கணக்கெழுதிக்கொண்டிருக்கும் அந்த வியாதி, ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் என்னை விட்டு நீங்கவில்லை. ஆகையால், ஜப்பானின் நகோயாவில் குடியிருக்கும் மகளிடம் இரண்டு மாதம் தங்கி வருவதென்று நானும் என் மனைவியும் நிச்சயித்த நாளில், விசா, பூகம்பம், சாப்பாடு முதலிய விசாரணைகளை அவள் பொறுப்பில் விட்டுவிட்டு, மாப்பிள்ளையிடம் நான் கேட்ட முதல் கேள்வி, “அந்த ரயில்ல எவ்வளவு சாமான் ஏத்தலாம் மாப்பிள்ளை?” என்பதாகவே இருந்தது.

மகள் கேட்டிருந்தவை இரண்டே பொருள்கள். ஒன்று கட்டிப் பெருங்காயம். மற்றொன்று, நுனியில் தேங்காய் துருவும் பல் வைத்த அரிவாள்மணை. “கத்தியால நறுக்கினா கத்திரிக்காய்க்கே கோபம் வருதும்மா” என்று அவள் தாயிடம் போனில் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்காக, என் அம்மா காலத்துப் பலாக்கட்டை மணை ஒன்று பரண்மேலிருந்து இறங்கி, துருப் போகத் தேய்க்கப்பட்டு, எண்ணெய் பூசிக்கொண்டு, கூடத்தின் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது. விமானத்தைப் பற்றி எனக்குக் கவலை இருக்கவில்லை. விமானத்துக்கு வயிறு உண்டு. கூர்மையானது எதுவாயினும் பெட்டிக்குள் வைத்துக் கவுண்டரில் ஒப்படைத்துவிட்டால், அது வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்துவிடும், இறங்குகிற வரைக்கும் யார் கைக்கும் எட்டாது. ஜப்பானின் அதிவேக ரயிலான ஷின்கான்செனுக்கோ வயிறு கிடையாது. நம் ஊர் வண்டிகளில் இருக்கிற பிரேக் வேன் என்ற புண்ணிய ஸ்தலம் அதில் இல்லை. லக்கேஜ் புக் செய்து ரசீது வாங்குகிற ஜன்னலும் இல்லை. கொண்டுபோவது அத்தனையும் பிரயாணியோடு அதே பெட்டியில், அவன் தலைக்கு மேலேயோ காலடியிலோ முதுகுக்குப் பின்னாலேயோதான் பிரயாணம் செய்தாக வேண்டும். ஆகவே ‘எதை ஏற்றலாம்’ என்ற என் கேள்வி, ‘எதை அடுத்த ஆசாமியின் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கலாம்’ என்ற கேள்வியாக அங்கே மாறிவிடுகிறது.

மாப்பிள்ளை தமிழில் சுருக்கி அனுப்பிய விதிகளை இரவு உட்கார்ந்து வாசித்தேன். (பிறர் துப்பறியும் நாவல் வாசிப்பதுபோல் நான் ரயில்வே விதிகளை வாசிக்கிறேன் என்று என் மனைவி உறவினர்களிடம் சொல்லுவது புகழ்ச்சிக்காக அல்ல என்பது எனக்குத் தெரியும்.) ஆளுக்கு இரண்டு உருப்படி, ஒவ்வொன்றும் 30 கிலோவுக்குள், நீளம் 2 மீட்டருக்குள், நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 250 சென்டிமீட்டருக்குள். தோள்பை, கைப்பை போன்ற சில்லறைகள் கணக்கில் சேரா. நம் ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணமில்லாமல் ஆளுக்கு 40 கிலோ என்று ஆயுள் முழுவதும் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவனுக்கு, இந்த 60 கிலோ தாராளமாகவே தோன்றியது. ஆனால் அந்தத் தாராளத்தின் நடுவில் ஒரு முள் இருந்தது. மூன்றும் கூட்டிய தொகை 160ஐத் தாண்டுமானால், டோக்கியோவிலிருந்து மேற்கே போகும் தொக்காய்தோ, அதைத் தொடர்ந்து வரும் சான்யோ, க்யூஷூ தடங்களில், பெட்டியின் கடைசி வரிசையில் அதற்கென்றே ஒதுக்கிய ஆசனத்தை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்த ஆசனத்தின் முதுகுப்புறத்துக்கும் சுவருக்கும் இடையில் உள்ள சந்து அந்தப் பெட்டிக்கு உரியதாகிவிடும். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. பதிவு செய்யாமல் தூக்கிக்கொண்டு வந்தால் மட்டும் 1,000 யென்.

இந்த 160 எங்கிருந்து வந்தது என்பது சுவாரசியமான சங்கதி. கடைசி வரிசைக்குப் பின்னாலிருக்கும் சந்து முன்பெல்லாம் முந்தினவர் சொத்தாக இருந்தது. வெளிநாட்டுப் பிரயாணிகள் ஆளுயரப் பெட்டிகளோடு வந்து குவியத் தொடங்கியதும், ஆசனம் ஒருவருக்கும் அதன் பின்புறம் மற்றொருவருக்கும் என்றாகி, மனஸ்தாபங்கள் முளைத்தன. ஒலிம்பிக் போட்டிகள் வேறு வரப்போகின்றன என்று, 2020 மே 20 முதல் பதிவு முறை அமலுக்கு வந்தது. அந்த மே மாதத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனாவால் போட்டிகள் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போய், தேசத்தின் கதவுகள் சாத்தப்பட்டு, ஆளுயரப் பெட்டி ஒன்றுகூட வராத காலியான வண்டிகளில் அந்த விதி மாத்திரம் தன்னந்தனியாக உட்கார்ந்து பிரயாணம் செய்தது. விதி எழுதுகிறவர்களின் ஜாதகத்தில் இப்படியொரு கிரகம் எல்லாத் தேசத்திலும் உண்டு போலும்.

விமானக் கம்பெனிகள் பல வெகு காலமாகக் கைக்கொண்டு வரும் 62 அங்குலம் என்ற அளவு, சென்டிமீட்டரில் ஏறக்குறைய 158. ஆகாயத்தில் அபராதமின்றிப் போகிற பெட்டி தண்டவாளத்திலும் ஒரு மயிரிழையில் தப்பிவிடும் என்று கணக்குப் போட்டுவிட்டு, தையல் மிஷின் டிராயரிலிருந்து நாடாவை எடுத்துவந்து எங்கள் பெட்டியை அளந்தேன். சக்கரத்தையும் கைப்பிடியையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும். அதை விட்டுவிட்டு அளப்பது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது. உயரம் 79, அகலம் 52, கனம் 27, மொத்தம் 158. நிம்மதியாக நாடாவைச் சுருட்டும் சமயத்தில், என் மனைவி பெட்டியின் இடுப்பைச் சுற்றி ஓடும் அந்த இரண்டாவது ஜிப்பைச் சர்ரென்று இழுத்துத் திறந்தாள். 27 உடனே 32 ஆயிற்று. 163.

“அஞ்சு சென்டிமீட்டர்ல என்ன வந்துடப் போகுது?” என்றாள்.

இந்தக் கேள்வியை, சென்டிமீட்டருக்குப் பதில் கிலோவில், 32 வருஷம் ஜன்னலுக்கு அந்தப்புறமிருந்து கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் பதில் சொல்ல எனக்கு அதிகாரம் இருந்தது. வீட்டுக் கூடத்தில் இல்லை. மாப்பிள்ளை கடைசி வரிசையில் இரண்டு ஆசனம் பதிவு செய்தார்.

அரிவாள்மணை விஷயம் அவ்வளவு லகுவாக முடியவில்லை. எந்த ரயில்வேயின் விதிப் புத்தகத்திலும் பெரும்பகுதி, ஏதோ ஒரு நாள் நடந்துவிட்ட விபரீதத்துக்குப் பிறகு ஒட்டப்பட்ட துண்டுக் காகிதங்களின் தொகுப்பு என்பது, கரெக்‌ஷன் ஸ்லிப் ஒட்டி ஒட்டி விரலெல்லாம் பசையானவனாகிய என்னுடைய அபிப்பிராயம். ஷின்கான்செனின் புத்தகத்திலும் அப்படி இரண்டு துண்டுகள் இருக்கின்றன. 2015 ஜூன் 30ஆம் தேதி, டோக்கியோவை விட்டுப் புறப்பட்ட நொஸோமி என்னும் ஷின்கான்சென் வண்டியில் ஒருவர் தம்மீது எரிதிரவத்தை ஊற்றித் தீ வைத்துக்கொண்டார். அவரோடு, ஒரு பாவமும் அறியாத ஒரு பெண் பிரயாணியும் மாண்டுபோனார். அதற்கு மறு வருஷத்திலிருந்து பெட்ரோல் போன்ற எரிதிரவங்கள், எவ்வளவு சிறிய அளவாயினும், வண்டியில் ஏறக் கூடாது என்றாயிற்று. 2018 ஜூன் 9ஆம் தேதி இரவு, ஷின்-யோகோஹாமாவைத் தாண்டிய மற்றொரு நொஸோமியில் ஒருவன் ஆயுதத்தை எடுத்துப் பக்கத்து ஆசனப் பெண்களைத் தாக்க, குறுக்கே பாய்ந்து தடுத்த ஒருவர் உயிரை விட்டார். 2019 ஏப்ரல் முதல், பொதியாத கத்தி முதலிய கூர்ப் பொருள்கள் கூடா என்ற வரி சேர்ந்தது.

அந்தப் ‘பொதியாத’ என்ற சொல்லில்தான் எங்கள் மணையின் ஜீவன் இருந்தது. ஒஸாகாவுக்குப் பக்கத்திலுள்ள ஸகாய் நகரம் சமையல் கத்திகளுக்கென்றே கீர்த்தி பெற்றது. வருகிற பிரயாணிகள் அங்கே கத்தி வாங்கிக்கொண்டு ரயிலில்தான் திரும்புகிறார்கள். கத்தியே கூடாது என்றால் ஒரு கைத்தொழில் படுத்துவிடும். ஆகவே கத்தி வரலாம். ஆனால் நினைத்த மாத்திரத்தில் உருவி எடுக்க முடியாதபடி கட்டியிருக்க வேண்டும். கட்டுவதா, எனக்கா சொல்ல வேண்டும்! அலகின் முதுகிலும் வாயிலும் தடித்த அட்டையை மடித்துச் செருகி, சணலால் விரலிடை விட்டு இறுக்கி, துருவல் பல்லுக்குத் தனியாக ஒரு துணிப்பந்து திணித்து, பழைய வேட்டியால் நான்கு சுற்று சுற்றி, அதன்மேல் சாக்குத் துணி போட்டுக் கோணி ஊசியால் தைத்தேன். அரக்கு முத்திரை வைக்காததுதான் பாக்கி. மகள் அதைப் பிரிக்கப் பிற்பாடு அரை மணி பிடித்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த விதிகளில் வேறு சில ரத்தினங்களும் உண்டு. அடுப்பு கூடாது. பிரேதம் கூடாது. வளர்ப்புப் பிராணிகளில் சிறு நாய், பூனை, புறா ஆகியவற்றைக் கூண்டுக்குள் வைத்து 290 யென் சீட்டு வாங்கிக் கொண்டுவரலாம். கூண்டின் மூன்றளவும் கூட்டி 120 சென்டிமீட்டருக்குள், பிராணியும் கூண்டும் சேர்ந்து 10 கிலோவுக்குள் இருக்க வேண்டும். துஷ்ட மிருகங்களும் பாம்பும் விலக்கு. சின்னஞ்சிறு பறவை, பூச்சி, மீன் இவற்றுக்குச் சீட்டே வேண்டாம். புறாவைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டவர் யார், எந்தக் காலத்துப் புறாப் பிரியர் என்று நினைத்து நினைத்து நான் சிரித்துக்கொண்டிருந்தபோது, அடுத்த வரி என் சிரிப்பை அடக்கிற்று. அசுத்தத்தாலோ வாடையாலோ சக பிரயாணிகளுக்குத் தொந்தரவு தரக்கூடியவை கூடா.

எடைக்குத் தராசு உண்டு, நீளத்துக்கு நாடா உண்டு; வாடைக்கு என்ன உண்டு? கட்டிப் பெருங்காயத்தை நான் முகர்ந்தால் மங்களம். அடுத்த ஆசனத்து ஜப்பானியர் முகர்ந்தால் அமங்களம். எங்கள் வீட்டில் இது தீவிர ஆலோசனைக்கு உள்ளாகி, பிளாஸ்டிக் உறை மூன்று, அதன்மேல் காப்பித்தூள் டப்பா, டப்பாவின் மூடியைச் சுற்றி டேப் என்று பெருங்காயம் சிறையடைக்கப்பட்டது. இதற்கெல்லாம் பிறகு, வழிக்கென்று என் மனைவி புளியோதரை கிளறி டப்பாவில் அடைத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தும் பார்க்காதவன்போல் இருந்துவிட்டேன்.

மற்ற தேசங்களும் இவ்விஷயத்தில் தத்தம் காயங்களை மறைக்கவில்லை. லண்டனுக்கும் பாரீஸுக்கும் இடையே கடலுக்கடியில் ஓடும் யூரோஸ்டாரில் பழைய பீரங்கிக் குண்டுகளைக் கொண்டுவரக் கூடாது என்று போட்டிருக்கிறார்கள். இது என்ன வேடிக்கை, யார் குண்டைத் தூக்கிக்கொண்டு வருவார் என்று தோன்றும். அந்த வண்டி ஓடுவது முதல் உலக யுத்தத்தின் போர்க்களங்கள் நிறைந்த வடக்கு பிரான்ஸ் வழியாக. உழவர்கள் கலப்பையில் இன்னமும் அகப்படும் குண்டுகளை ஞாபகச் சின்னமென்று பெட்டிக்குள் வைத்துக்கொள்ளும் யாத்திரிகர்கள் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால் வேடிக்கை போய்விடும். அமெரிக்காவின் ஆம்ட்ராக்கிலோ, துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில் வைத்து, 24 மணி நேரம் முன்னதாகச் சொல்லி, லக்கேஜில் ஒப்படைக்கலாம். 2010 டிசம்பரிலிருந்து அது முறை. அங்கே வண்டிக்கு வயிறு இருக்கிறது, அந்த வயிற்றுக்குத் துப்பாக்கியும் ஜீரணமாகிறது. பிரான்ஸில் ஒவ்வொரு பெட்டியிலும் பெயர்ச்சீட்டு ஒட்டியே ஆக வேண்டும். நான் பணியிலிருந்தபோது பார்சலில் பெயர் எழுதச் சொல்லி நான் கெஞ்சாத நாளில்லை. அந்த ஒரு காரணத்துக்காக மாத்திரம் பிரெஞ்சுக்காரர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு.

வழியில் சிங்கப்பூரில் ஒரு பகல் தங்க நேர்ந்தது. ஒன்றுவிட்ட தங்கை வீட்டுக்கு மெட்ரோவில் போனோம். ‘சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது’ என்ற படங்களும் அபராதத் தொகைகளும் வரிசையாக இருக்கின்றன. சாப்பாட்டுக்கு 500 வெள்ளி, தீப்பற்றும் பொருளுக்கு 5,000. டுரியான் பழத்துக்கு மட்டும் படமும் குறுக்குக் கோடும் இருக்கிறதேயொழிய, பக்கத்தில் தொகை இல்லை. “அந்த வாசனைக்கு யாராலயும் விலை போட முடியல அண்ணே” என்றாள் தங்கை. சூயிங்கம்மை 1992இல் அந்த நாட்டில் தடை செய்ததற்கு ஒரு காரணம், ரயிலின் தானியங்கிக் கதவுகளில் அதை ஒட்டிவைத்து வண்டியை நிறுத்திய விஷமிகள் என்பதையும் அவளே சொன்னாள். பெருங்காய டப்பா அந்நேரம் விமானத்தார் காவலில் இருந்ததால் நான் தலை நிமிர்ந்து பிரயாணம் செய்தேன்.

ஹானேதா விமான நிலையத்தில் மாப்பிள்ளை காத்திருந்தார். அங்கிருந்து ஷினாகவா நிலையத்துக்குப் போய், நொஸோமியைப் பிடிக்க வேண்டும். நிலையத்துக்குள் நுழைந்ததும் என் கண்கள் தாமாகவே தேடியது தராசை. தராசு இல்லை. எக்ஸ்ரே மிஷின் இல்லை. பையைத் திறக்கச் சொல்லும் சிப்பாய் இல்லை. அந்த இரண்டு விபரீதங்களுக்குப் பிறகும் சோதனைக் கதவுகளை வைக்காததற்குக் காரணம் மேடையில் நின்றபோது விளங்கிற்று: நெரிசல் வேளையில் ஒரு மணிக்கு 12 நொஸோமி வரையில் ஓடிக்கொண்டிருந்த தடத்தில், ஒவ்வொரு பிரயாணியின் பையையும் மிஷினுக்குள் விட்டு எடுத்தால், வண்டிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். 30 கிலோ என்று எழுதிவைத்துவிட்டு நிறுக்காமலும், 160 என்று எழுதிவைத்துவிட்டு அளக்காமலும், அவரவர் வீட்டு நாடாவை நம்பி நடக்கும் அந்த நிர்வாகத்தைப் பார்த்து எனக்கு முதலில் பொறாமையும், பிறகு, உண்மையைச் சொன்னால், என் 32 வருஷத்தைப் பற்றி லேசான வருத்தமும் உண்டாயின.

வண்டி ஷினாகவாவில் நின்றது ஒரு நிமிஷம் இருக்கும். அந்த நிமிஷத்துக்குள் இறங்குவோர் இறங்கி, நாங்கள் ஏறி, பெட்டியைச் சந்துக்குள் உருட்டி, சக்கரம் ஓடாமல் படுக்கவைத்தபோது கதவு சாத்திக்கொண்டது. 160 என்ற எண்ணின் அர்த்தம் அப்போதுதான் என் முழங்கைக்குப் புரிந்தது: தலைக்கு மேலுள்ள தட்டு, அந்த அளவுப் பெட்டி வரையில் தாங்கும், அதற்கு மேற்பட்டது நடைபாதையில் நின்றால், அடுத்த நிலையத்தின் அந்த ஒரு நிமிஷத்தில் ஒருவர் இறங்க முடியாமல் போவார்.

பக்கத்து வரிசையில் ஏழெட்டு வயசுப் பையன் ஒருவன், பச்சை மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். உள்ளே மரத்தூளின்மேல், கொம்பு முளைத்த கறுப்பு வண்டு ஒன்று. சீட்டு வேண்டாத பிரயாணி! விதிப் புத்தகத்தின் ஒரு வரி உயிரோடு நகர்ந்துகொண்டிருப்பதைக் கண்ட ஆனந்தத்தில் நான் அதை உற்றுப் பார்க்க, பையன் மிகுந்த கௌரவத்தோடு பெட்டியை என் பக்கம் திருப்பிக் காட்டினான்.

ஒதாவரா நிலையத்தை வண்டி நிற்காமல் கடந்தது. 2015இலும் 2018இலும் அந்த இரண்டு வண்டிகளும் வந்து நின்ற இடம் அதையொட்டியே என்று வாசித்திருந்தேன். மேடைத் தூண்கள் வரிகளாக மங்கி மறைந்தன. பூஜி மலையும் அன்றைக்கு ஆகஸ்டு மேகத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது.

சாப்பாட்டு வேளையில் எல்லோரும் நிலையத்தில் வாங்கிய எக்கிபென் என்னும் சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்தார்கள். தள்ளுவண்டி விற்பனையை 2023 அக்டோபரோடு இந்தத் தடத்தின் சாதாரண வகுப்பில் நிறுத்திவிட்டார்களாம். ஆகையால் ஏறுமுன் வாங்கியதே சாப்பாடு. என் மனைவி கைப்பையின் ஜிப்பில் கை வைத்தாள், என்னைப் பார்த்தாள், வண்டுப் பையனின் தாயைப் பார்த்தாள், கையை எடுத்துக்கொண்டாள். மாப்பிள்ளை வாங்கி வந்திருந்த காய்கறிச் சோற்றை, வினிகர் வாடை அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள். புளியோதரை நகோயாவில் மகள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, அப்போதுதான் தையல் பிரித்த அரிவாள்மணைக்கு எதிரில், எங்களால் காலி செய்யப்பட்டது.

திரும்பும்போது மாப்பிள்ளை வேறு ஏற்பாடு செய்துவிட்டார். அங்கே தக்யூபின் என்று ஒரு முறை. பெட்டியை இரண்டு நாள் முன்னதாக ஒப்படைத்தால் விமான நிலையத்தில் காத்திருக்கும், நாம் கையை வீசிக்கொண்டு ரயிலேறலாம். யமாத்தோ கம்பெனி 1976 ஜனவரியில் இதைத் தொடங்கிய முதல் நாளில் வந்தது 11 பார்சலாம். அந்தப் பதினொன்றையும் பதிவு செய்த குமாஸ்தா என்ன நினைத்திருப்பார் என்று எண்ணிக்கொண்டே, குட்டியைக் கவ்விய கறுப்புப் பூனைப் படம் போட்ட அவர்களுடைய ஆபீஸுக்குப் பெட்டியை உருட்டிக்கொண்டு போனேன்.

கவுண்டரில் இருந்த பெண் கும்பிடுபோல் குனிந்துவிட்டு, இழுப்பறையிலிருந்து ஒரு நாடாவை எடுத்தாள். அந்தத் தேசத்தில் முதல்முறையாக யாரோ என் பெட்டியை அளக்கப் போகிறார்கள்! நான் கவுண்டர்மேல் சாய்ந்து, அவள் சக்கரத்தை விட்டுவிடுகிறாளா என்று பார்த்தேன். விடவில்லை. கைப்பிடியையும் சேர்த்துக்கொண்டாள். பெருங்காயமும் மணையும் இறங்கிவிட்டதால் இரண்டாவது ஜிப் மூடியிருந்தது. மூன்று எண்ணையும் வாய்க்குள் கூட்டி, சீட்டில் 160 என்ற கட்டத்தில் வட்டம் போட்டாள்.

“நூத்தி அம்பத்தெட்டு” என்றேன் தமிழில்.

அவள் சிரித்துக்கொண்டே ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள்.